பதினோராம் கட்டிலின் தாள்

மாலை நான்கு மணிக்கு மூன்றாம் கட்டில் தபால்காரரைப் புரட்டிப் படுக்கவைக்கப் போனவள், அவர் ஏற்கெனவே இடது பக்கமாகக் கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆறு வருடமாகச் சுண்டுவிரலைக்கூடத் தானாக அசைக்காத மனிதர். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, அவள் வைக்கிற மாதிரியே நுனி மடித்து. தம்ளர் காலி. முதியோர் இல்லத்தின் அந்த மாடியில் இருபத்திரண்டு கட்டில்களுக்கு அவள் ஒருத்திதான் ஆள். மின்விசிறிகள் கறக் கறக்கென்று சுற்றி, மருந்து நெடியையும் காயாத துணியின் வாடையையும் கட்டில் கட்டிலாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன.

"நீங்களா அக்கா திருப்பினீங்க?" என்று மேற்பார்வைக்காரியிடம் கேட்டாள்.

"நானா? நான் குனிஞ்சே மூணு வருஷம் ஆச்சு. கீழ விழுந்த சீப்பை எடுக்கவே ஆள் தேடுறேன்."

அந்த இல்லத்தில் கட்டிலுக்கு ஒரு தாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். திருப்பினோமா, தண்ணீர் கொடுத்தோமா, புகார் உண்டா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலையைச் செய்துவிட்டு எழுதுவது ஊர் வழக்கம். இங்கே வேலைக்கு வந்து செருப்பைக் கழற்றியதுமே எழுதி முடித்துவிடுவார்கள். "முதல்ல தாளைக் கவனி, அப்புறம் ஆளைக் கவனி. சோதனைக்கு வர்றவன் தாளைத்தான் பார்ப்பான்" என்பது அக்காவின் வேதவாக்கு.

ஆறு மணிக்கு அவள் வாசலில் நின்று பார்த்தாள். எல்லாத் தாளிலும் 'வலது' என்று எழுதியிருந்தாள். கட்டில்கள் மெல்லக் கிறீச்சிட்டன. இருபத்திரண்டு உடம்புகளும், கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று தோளடியில் நுழைந்து தூக்கினாற்போல, ஒன்றாக வலது பக்கம் புரண்டன.

பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கும் இடுப்பு வலிக்கும் போட்டி வந்தால் இடுப்பு வலிதான் ஜெயிக்கும். அன்று முதல்முறையாக உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

பதினோராம் கட்டிலில் இருந்தது அவள் அம்மா. வீட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடப்பதற்குக் கண்ணெதிரே இருக்கட்டும் என்று இங்கேயே சேர்த்திருந்தாள். அம்மாவுக்கு உடம்புதான் விழுந்ததே தவிர வாய் விழவில்லை. "ஏண்டி, இது காப்பியா, தம்ளர் கழுவின தண்ணியா?"

அடுத்த திங்கட்கிழமை, மறுநாள் சோதனை என்று தெரிந்ததும், அந்த வாரம் முழுவதையும் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னாள் அக்கா. இருபத்தொரு தாள்களைக் கட்டம் கட்டமாக நிரப்பினாள். கடைசியில் அம்மாவின் தாள். விரல்கள் மரத்துவிட்டன. பெற்றவள்தானே, எழுதாவிட்டால் பார்க்காமலா இருக்கப்போகிறோம் என்று, முதல் கட்டத்தில் 'உறங்குகிறார், புகார் இல்லை' என்று எழுதி, ஞாயிறு வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா எழவில்லை.

உலுக்கினாள். உதட்டில் தண்ணீர் விட்டாள், அப்படியே வழிந்தது. திருப்பிப் படுக்கவைத்தாள், கையை எடுத்ததும் உடம்பு மெதுவாக மல்லாந்தது. புதன்கிழமை முதுகில் சிவப்பு. வியாழக்கிழமை அது புண். மின்விசிறி பங்கிட்ட வாடைகளில் புதிதாக ஒன்று சேர்ந்தது.

மருத்துவர் வந்தார். தாளைப் பார்த்தார்.

"தூங்குறாங்கன்னுதானே போட்டிருக்கு? உங்க கையெழுத்துதானே?"

"ஆமா டாக்டர், ஆனா மூணு நாளா..."

"புகார் இல்லைன்னும் போட்டிருக்கே. அப்புறம் என்னம்மா?"

கட்டிலின் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

"தூங்கட்டும் விடு," என்றாள் அக்கா. "உங்கம்மா கொடுத்து வெச்சவ."

ஞாயிறுவரை தண்ணீர் இல்லாமல் எந்த உடம்பு தாங்கும்? தாளை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். கோட்டின்மேல் வெள்ளை மை தடவினாள். அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நகத்தால் அவசரமாகச் சுரண்டி எடுத்தாள். தாளின் ஓரத்தைக் கிழித்தாள், ஒரு விரற்கடை. போர்வைக்கு அடியில் ஏதோ கிழிகிற சத்தம். நிறுத்தினாள்.

போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் நுணுக்கி எழுதினாள்: 'எழுந்து உட்கார்ந்தார். பேசினார்.'

கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் மூடியே இருந்தன. மூச்சு தூக்கத்தில் வருகிற மூச்சு.

"அம்மா. அம்மா, எங்க வலிக்குது? சொல்லும்மா."

வெடித்த உதடுகள் பிரிந்தன. பக்கத்து வீட்டாரிடம் நலம் சொல்கிற இதமான குரல்.

"புகார் இல்லை."

"நான்தான்மா. கண்ணைத் திற."

"புகார் இல்லை."

கைக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. போர்வைக்குள்ளிருந்து அது மட்டும் வந்தது. தடவிற்று. மகளின் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. பிடித்தது. இறுக்கிற்று. நகம் தோலுக்குள் இறங்கியது. இன்னும் உள்ளே. எலும்புவரை.

முகம் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தது.