ஓரக்கண்ணில் தெரிந்தவள்

வின்சன்ற் பெரியகல்லாற்றில் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. வாவியோரத்து ஓட்டு வீட்டு வாசலில் பீற்றிஸ் அக்கா பிளேன்ரீக் கோப்பையோடு நின்றாள். இரண்டு வருடத்துக்கு முன் இதே வாவியில் மூழ்கிச் செத்த டினுஷாவின் அக்கா. டினுஷாவுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் என்று அந்த மனுசி இன்றைக்கும் மரியாதை குறையாமல் வரவேற்றாள்.

டினுஷா பதினொரு வருடமாக ஒரே சிவப்பு நட்சத்திரத்தைப் பைனாகுலரில் பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அதன் வெளிச்சத்தைக் கொப்பியில் குறித்து வைத்தவள். விரிந்து சுருங்கும் அந்த நட்சத்திரத்தின் துடிப்பு வரவரக் குறுகுகிறது, அது முதுமையின் அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்று கண்டவளும் அவள்தான். அதை வைத்து எழுதும் ஆய்வுக் கட்டுரையில் வரப்போவதோ வின்சன்றின் பெயர் மட்டும். இன்றைக்கு நட்சத்திரம் ஆக மங்கும் இரவு. அந்த ஒரு குறிப்புக் கிடைத்தால் கட்டுரை முடிந்துவிடும்.

வீட்டுக்கு முன்னால் தோணித் துறையில் ஒரு அரிக்கன் லாம்பு எரிந்துகொண்டிருந்தது.

“அதக் கொஞ்சம் நூத்துவமா அக்கா? வெளிச்சம் கண்ணக் கெடுக்கும்.”

“வேணாம் சேர். அண்டைக்கு லாம்பு காத்துக்கு நூந்துதானே என்ட தங்கச்சி கரை தெரியாமப் போனவள். நூக்காதீங்க.”

காற்று அணைக்கவில்லை. நடு வாவி மணல்திட்டில் நட்சத்திரம் பார்த்துவிட்டு மழையிருட்டில் அவள் தோணியில் திரும்பும்போது, கரையில் நின்று லாம்பை ஊதி அணைத்தவன் வின்சன்ற். “சேர், லாம்பு” என்று அவள் மூன்று தரம் கூப்பிட்டாள். அவளுடைய கொப்பிகள் அப்போதே அவன் பைக்குள் வந்துவிட்டன.

அக்கா படுத்ததும் இன்றைக்கும் ஊதினான். பாவி.

மங்கலான நட்சத்திரத்தை நேரே பார்த்தால் தெரியாது. சற்று விலத்திப் பார்த்தால் ஓரக்கண்ணில் தெளியும். டினுஷாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். வாவிக்கு மேலே அந்த இடத்தை மட்டுக்கட்டப் பைனாகுலரை இறக்கிவிட்டு, கண்ணை விலத்தினான்.

ஓரத்தில் ஒரு தோணி.

நேரே பார்த்தான். வெறும் வாவி.

திரும்பவும் விலத்தினான். தோணி கிட்ட வந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் எழுந்து நின்றது. சேற்று மணம் மூக்கில் ஏறியது.

அடுத்த முறை தோணி வெறுமையாக இருந்தது.

காதோரம் ஈரமான மூச்சு.

“சேர், லாம்பு.”

தீப்பெட்டியைத் தடவி எடுத்துக் கிழித்தான். விரல் சுட்டது. வெளிச்சம் வரவில்லை.

விடியப் பீற்றிஸ் வந்தபோது அவன் துறையில் குந்தியிருந்தான். முகத்தில் வெயில் அடித்தது.

“லாம்பக் கொளுத்துங்க அக்கா.”

“விடிஞ்சிட்டு சேர்.”

அவன் காலடியில் திறந்து கிடந்த கொப்பியை அவள் குனிந்து எடுத்தாள். பக்கம் நனைந்திருந்தது.

“இது தங்கச்சிட எழுத்து. ராத்திரித் திகதி போட்டிருக்கு.” மெல்ல வாசித்தாள். “‘நட்சத்திரம் ஆக மங்கல். சேர் இந்த முறையும் லாம்பை ஊதி அணைத்தார். அதனால் நன்றாகத் தெரிந்தது.’”

பீற்றிஸ் கொப்பியை மூடினாள். அவள் விலகிப்போகும் காலடி மட்டும் கேட்டது. வின்சன்றுக்கு எங்கும் இருட்டு. இடது கண்ணின் ஓரத்தில் மட்டும், தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்ட, டினுஷா நின்றாள். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் அந்த ஓரத்திலேயே நின்றாள்.