மூன்றாவது கூவல்

மூன்றாவது கூவல் அன்று வரவில்லை. சூரியநெல்லித் தேயிலைக் கொழுந்துக் காட்டில் பத்து மணித் தேநீருக்கு உட்காரும்போது தங்கை முத்துப்பேச்சி மேட்டிலிருந்து ஒரு கூவல் விடுவாள். கீழே தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் நின்று ராமலட்சுமி பதிலுக்குக் கூவுவாள். தங்கை இன்னொரு தரம் கூவி முடிப்பாள். சின்னப் பிள்ளையிலிருந்து தொடரும் விளையாட்டு. மூடுபனி சத்தத்தை விழுங்கியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே ராமலட்சுமி வேலைக்குத் திரும்பினாள்.

வேலை என்ன பெரிய வேலை. யானை வந்தால் ஜனங்கள் கூப்பிடும் எண்ணுக்கு வரும் அழைப்புகள் மூன்று விநாடித் துண்டுகளாக அவளுடைய லேப்டாப்புக்கு வரும். பயமா, கோபமா, மகிழ்ச்சியா என்று குறிக்க வேண்டும். பயம் என்றால் வனத்துறை ஜீப் புறப்படும். மகிழ்ச்சி என்றால் யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். முன்கதை தெரிந்தால் காது ஒருபக்கம் சாய்ந்துவிடும், அதனால்தான் துண்டாகத் தருகிறோம் என்பார் மேலாளர் ஜின்சன். அடுத்த துண்டில் ஒரு பெண்ணின் கூவல். ஆள் தெரியாதபடி குரலை மாற்றியிருந்தார்கள். வாசலில் கூவிய குஷி அவளுக்கு இன்னும் தொண்டையிலேயே இருந்தது. மகிழ்ச்சி என்று குறித்தாள்.

மதியம், காலையில் குறித்தவற்றின் சரிபார்ப்பு. அதே துண்டு, இப்போது முழு அழைப்பாக, மாற்றாத குரலில்.

ஈரத் தேயிலைச் செடிகள் உரசும் சத்தம். மிக அருகில் ஒரு கிளை முறிகிறது. கனத்த மூச்சு, மனிதருடையதல்ல.

"நாலாம் நம்பர் காடு சார். ஒத்தை ஆனை. பக்கத்துல நிக்குது." முத்துப்பேச்சி. "கீழ எங்கக்கா இருக்கா. சத்தம் குடுத்தா ஆளக் கூட்டிட்டு வந்துருவா."

கூவல்.

தூரத்தில், கீழிருந்து, குஷியாக ஒரு பதில் கூவல். ராமலட்சுமியுடையது.

"அக்கா விளையாடுறா சார்," என்றது தங்கையின் குரல், மெல்ல.

பிறகு ஏதோ முறிந்தது. அது கிளையல்ல.

ஜின்சனை அழைத்தாள்.

"சாரே, காலைல தப்பாக் குறிச்சுட்டேன். அது எந்தங்கச்சி. ஜீப்ப அனுப்புங்க."

"அந்த போன் கால் அப்பவே குளோஸ் ஆச்சு சேச்சி. நீங்கதானே மகிழ்ச்சின்னு போட்டது?"

போனை வைத்தாள். வெளியே மூடுபனி. கதவிடுக்கில் நசுங்கிய கொழுந்தின் வாசம்.

அப்போது கேட்டது. மூன்றாவது கூவல். தங்கையின் குரலேதான்.

ஆள் நிற்கும் உயரத்திலிருந்து அல்ல. கூரைத் தகரத்தின் உயரத்திலிருந்து.

கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய பதிலுக்காகக் காத்திருக்கும், அழைப்பில் கேட்ட அதே கனத்த மூச்சு.