குளிக்காமல் இறங்கியவள்

டிசம்பர் மாதத்துத் திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு நீச்சல் குளத்தின் கதவைத் திறந்ததுமே ஸ்டெய்னாவுக்குக் கண் எரிந்தது.

ஞாயிறு மாலை ஐந்துக்கே பூட்டிய குளம் அது. இரவு முழுக்க ஓர் உடம்பும் படாமல் வடிகட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்த தண்ணீர் காலையில்தான் மிகச் சுத்தமாக இருக்கும், எந்த வாசமும் இருக்காது. அன்றைக்கோ கதவிடுக்கிலேயே ஒரு காட்டம் காத்திருந்தது. அது மூக்கில் ஏறி, தொண்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, இமைக்கு அடியில் மணல் விழுந்தது போல் உறுத்தியது.

ஊரார் இதைக் குளோரின் நாற்றம் என்பார்கள். மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு புலம்புவார்கள். முட்டாள் ஜனங்கள் என்று ஸ்டெய்னா மனதுக்குள் திட்டுவாள். அளவாகப் போட்ட குளோரின் பெரிதாக நாறுவதுமில்லை, கண்ணைக் கடிப்பதுமில்லை. வியர்வை, மூத்திரம், தோல் எண்ணெய் என்று மனித அழுக்கோடு கலந்து கெட்டுப்போன பிறகுதான் இந்த நாற்றமும் எரிச்சலும் வரும். கண் எரிந்தால் யாரோ குளிக்காமல் இறங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அதைத் தடுப்பதுதான் அவள் வேலை. மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழைந்த இந்த ஃபியோர்டுக் கரை ஊரில் இருபத்திரண்டு வருடமாகப் பெண்கள் குளியலறையின் காவல் அவள். சுவரில் ஒரு மனித உருவப் படம் மாட்டியிருக்கும். தலை, அக்குள், இடுப்புக்குக் கீழ், பாதம் ஆகிய நான்கு இடங்களிலும் சிவப்புத் திட்டு. துணி முழுவதையும் கழற்றி, அந்த நான்கு இடங்களிலும் சோப்புப் போட்டுக் குளிக்காதவர் அவளைத் தாண்டிப் போக முடியாது. ஏமாற்றுக்காரிகளின் தந்திரமெல்லாம் அவளுக்கு அத்துபடி. கைகழுவும் தொட்டியின் குழாயை இரண்டே நொடி திறந்து, முன்முடியை மட்டும் நனைத்து, நீச்சலுடையைத் தட்டி ஈரமாக்கிக்கொண்டு நழுவப் பார்ப்பார்கள். குழாய் கீச்சிட்டு உடனே அடங்கும் அந்தச் சத்தம் அவளைத் தூக்கத்திலும் எழுப்பும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சத்தத்தோடு நழுவியவள் அவளுடைய சொந்த அக்கா சால்வோர். ஸ்டெய்னா விடவில்லை. பதினொரு பெண்கள் பார்க்க, கூடப் பிறந்தவளைத் திருப்பி அனுப்பினாள். ஊர் ஒரு வாரம் சிரித்தது. அதன்பின் சால்வோர் குளத்துக்கும் வரவில்லை, தங்கையோடும் பேசவில்லை. இந்தச் செப்டம்பரில் செத்தும் போனாள்.

ஸ்டெய்னா கண்ணாடிக் குப்பியில் குளத்துத் தண்ணீரை எடுத்து, சோதனை மாத்திரைகளை அதில் போட்டாள். முதல் மாத்திரை நல்ல குளோரினைக் காட்டும், இரண்டாவது கெட்டதையும் சேர்த்துக் காட்டும். வழக்கமாக இரண்டுக்கும் வித்தியாசம் இருக்காது. அன்று முதல் மாத்திரையின் இளஞ்சிவப்பு, இரண்டாவதில் ஒரே சிவப்பாக மாறியது. பள்ளிக்கூடமே குளிக்காமல் இறங்கினால்கூட இவ்வளவு வராது.

குளத்தின் மேலாளர் பெர்கூர் பாதித் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டான். செவ்வாய்க்கிழமை காலை நிறம் இன்னும் அடர்ந்தது.

அன்று காலை வந்த ஆறு பெண்களும் முயல் மாதிரி சிவந்த கண்களோடு கரையேறினார்கள். மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒட்னி, துவட்டிக்கொண்டே ஸ்டெய்னாவின் எதிரில் வந்து நின்றாள். அவளுக்கும் ஸ்டெய்னாவுக்கும் என்றைக்குமே ஆகாது.

"மூணு தடவ சோப்புப் போட்டேன், வேணும்னா மோந்து பாத்துக்க" என்றாள். "எங்களையெல்லாம் நாய விரட்டுற மாதிரி விரட்டுவியே, இப்ப யாரைப் பிடிக்கப் போற? இந்த ஊர்ல குளிக்காம எறங்குறவ ஒருத்திதான் இருந்தா. அவளையும் பொட்டியில வச்சு மூடியாச்சு."

ஸ்டெய்னா சுவரிலிருந்த படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் பெர்கூர் அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். அவன் காபி ஊற்றினாலே கெட்ட செய்தி. நாளைக்கும் இப்படியே இருந்தால் குளத்தை மூடிவிட்டுச் சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டும் என்றான். இரவில் யாரோ உள்ளே வருகிறார்கள் என்றான். பிறகு கோப்பையைப் பார்த்தபடியே, "சாவி ரெண்டு பேர்கிட்டதான இருக்கு, ஸ்டெய்னா" என்றான்.

அவளுக்கு அழுகை முட்டியது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊருக்குள் அவளுக்கென்று இருந்தது ஒரே பெயர். ஸ்டெய்னா பொல்லாதவள், ஆனால் சுத்தத்தில் பொய் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரும் நாளைக்குப் போய்விடும்.

ஆனால் அந்தப் பெயரே பொய் என்று அவளுக்கு மட்டும் தெரியும். செப்டம்பரில், பெட்டியில் வைக்கும் முன் சால்வோரின் உடம்பைக் கழுவ வேண்டியிருந்தது. நானே செய்கிறேன் என்று தாதி சொன்னபோது, ஊர் பார்க்கிறதே என்ற வீம்பில் ஸ்டெய்னா முந்திக்கொண்டாள். கதவைச் சாத்தியபின் அவளால் அக்காவைத் தொட முடியவில்லை. அருவருப்பா, ஆத்திரம் தீராததா, இன்றுவரை தெரியவில்லை. பேசினில் பிடித்த வெந்நீரை அப்படியே தொட்டியில் கொட்டினாள். துண்டை நனைத்துப் பிழிந்து, பார்வையில் படும்படி தொங்கவிட்டாள். குழாயை இரண்டு நொடி திறந்து கையை ஈரமாக்கி, அக்காவின் முன்முடியை மட்டும் நனைத்துச் சீவினாள். பாதி திறந்திருந்த கண்களை மூடினாள். அழுக்கு உடம்பின்மேலேயே புது வெள்ளை அங்கியைப் போர்த்தினாள்.

நல்லா கழுவியிருக்கே என்று தாதி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

புதன்கிழமை ஐந்தரைக்கே வந்துவிட்டாள். இந்த வடகோடி ஊரில் டிசம்பரில் பதினொரு மணிவரை விடியாது. வெளியே பனியும் இருட்டும். உள்ளே நுழைந்து கதவை மறுபடி பூட்டி, சாவியைப் பூட்டிலேயே விட்டாள். யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்து பெர்கூரின் முன் நிறுத்திவிட வேண்டும். பெரிய விளக்கைப் போடவில்லை. தண்ணீருக்கு அடியில் எரியும் இரண்டு விளக்குகளின் பச்சை வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. எங்கோ எந்திரம் முனகியது. கண்ணாடிச் சன்னல்களில் வேர்த்து வழிந்த நீர் சொட்டுச் சொட்டாகச் சன்னலடிக் கட்டையில் விழுந்தது. அந்தக் காட்டமோ மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கீறியது. அதன் அடியில் இன்னொரு வாசமும் இருந்தது. ஈர மண் வாசம்.

தரையில் மண் ஒட்டிய காலடித் தடம். உடை மாற்றும் அறையிலிருந்து வந்தது. ஷவர்ப் பக்கமே போகவில்லை. ஷவர்த் தரை காய்ந்து கிடந்தது. தடம் நேராகக் குளத்தின் விளிம்புவரை போயிருந்தது.

திரும்பி வந்த தடமும் இருந்தது.

அது ஈரமாக இருந்தது.

வடிகால் சல்லடையில் நீளமான நரைமுடி சுற்றியிருந்தது. கூடவே ஒரு வெள்ளை நூல். அக்காவுக்குப் போர்த்திய அங்கியின் கழுத்துப்பட்டியை அவள் தன் கையால்தான் தைத்திருந்தாள். நூல் அடையாளம் தெரிந்தது.

ஓடியிருக்கலாம். அவளோ குனிந்து அந்த நூலை உருவி எடுத்தாள்.

அப்போது குளியலறைக்குள் கைகழுவும் குழாய் கீச்சிட்டது. ஒரு நொடி. இரண்டு நொடி. அடங்கியது.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். நெஞ்சு வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டாலும் வாய் தானாகத் திறந்தது.

"திரும்பிப் போ. துணியைக் கழட்டிட்டு சோப்புப் போட்டுக் குளி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

உள்ளே ஏதோ கனமான ஈரத்துணி தரையில் விழுந்தது. ஷவர் ஒன்று திறந்துகொண்டது.

ஸ்டெய்னா போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஆவிக்குள், சிவப்புத் திட்டுப் படத்தின் கீழே, முக்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். காலடியில் வெள்ளை அங்கி. பின்னந்தலை முழுக்கச் சிக்கு. முன்முடி மட்டும் படிய வாரியிருந்தது.

வலது கை மெல்ல மேலே உயர்ந்தது. கழுவிவிடச் சொல்லிக் குழந்தை கை தூக்குவது போல.

உயர்ந்த கை அப்படியே நின்றது.

"சால்வோர்" என்றாள் ஸ்டெய்னா. "நான் செஞ்சது தப்புதான். மன்னிச்சிரு."

கை இறங்கவில்லை.

சோப்பை எடுத்தாள். தொட்டாள். குளத்துத் தண்ணீரின் சூடுகூட அந்தத் தோலில் இல்லை. தலை. நுரை கறுப்பாக இறங்கியது. அலசினாள், மறுபடி கறுப்பு. அக்குள். விரலிடுக்கில் மண் வந்தது. தரையில் மண்டியிட்டாள். இடுப்பு. அவளுடைய கண்கள் தீப்பிடித்தது போல் எரிந்தன. கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. தண்ணீர் தெளியவேயில்லை.

வெளிக்கதவில் தட்டும் சத்தம். ஆறரை ஆகியிருந்தது. பெர்கூரின் சாவி பூட்டுக்குள் போகாமல் இடித்தது. உள்ளே அவளுடைய சாவி இருந்தது. பெண்களின் பேச்சுச் சத்தம். ஒட்னியின் குரல் எல்லாவற்றையும் மீறிக் கேட்டது.

"ஸ்டெய்னா! ஷவர் ஓடுதே... உள்ள யாரு குளிக்கிறது?"

கத்த வாயைத் திறந்தாள். அந்தக் காட்டம் தொண்டையை அடைத்தது. இருமல்கூட வரவில்லை.

தலை முடிந்தது. அக்குள் முடிந்தது. இடுப்பும் முடிந்தது. பாதம் மிச்சம். பாதத்தைக் கழுவ வேண்டுமென்றால் உட்கார்ந்திருப்பவள் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

முக்காலி தரையில் உராய்ந்தது.

சால்வோர் திரும்பினாள். செப்டம்பரில் ஸ்டெய்னா தன் விரலால் மூடிய இரண்டு கண்களும் திறந்திருந்தன. வெள்ளை விழியே இல்லை. நெடுநேரம் அந்தத் தண்ணீரில் கிடந்த ரத்தச் சிவப்பு. ஷவர்த் தண்ணீர் நேராக அவற்றுக்குள் கொட்டியும் அவை இமைக்கவில்லை.

அவள் ஒரு பாதத்தைத் தூக்கி ஸ்டெய்னாவின் மடியில் வைத்தாள்.