பின்னாலிருந்து பார்த்தால் ஒரே ஆள்!

“ஐயோ... ஓ... ஓ...!”

அலறல் ஹெரன்ஃபீல்ட் ஸ்டுடியோவின் நான்காம் படப்பிடிப்புத் தளத்தைக் கிழித்தது.

காலை ஒன்பது பத்து. வெளியே மழை. கேன்டீன் வண்டி முன்னால் பன்றி இறைச்சி வைத்த பேக்கன் பன்னுக்காக வரிசையில் நின்ற நாற்பது பேரும் அலறிய திசைக்கு ஓடினார்கள்.

சூதாட்ட விடுதி செட். பச்சை மேஜை. ஒற்றை விளக்கு.

மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தது வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் உடல். பிடரியில் ஐஸ் உடைக்கும் ஊசி, மரக் கைப்பிடி வரை இறங்கியிருந்தது. ரத்தம் காலரை நனைத்து, மேஜைத் துணியை நனைத்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ரீஸ்! ஐயோ, ரீஸ்!” தயாரிப்பாளர் திருமதி ஆஸ்ட்லி தள்ளாடினார். “புது ஹீரோவைக் கொன்னுட்டாங்களே! இன்னிக்குத்தானே அவனுக்கு முதல் நாள்!”

“என்னையா? யாரு கொன்னது?”

அத்தனை தலைகளும் திரும்பின.

ரீஸ் மாடக் வாசலில் நின்றிருந்தான்! உயிரோடு! கையில் பாதி பன்னோடு!

அப்படியானால்... மேஜை மேல்...?

முதலில் பார்த்து அலறிய விளக்குக்காரர் பிணத்தின் முகத்தைத் திருப்பினார்.

லயனல் சேவரி! பதினேழு வருஷம், ஏழு படங்கள், ரகசிய ஏஜென்ட் கெஸ்ட்ரலாக உலகத்தைக் காப்பாற்றிய பழைய ஹீரோ! தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போய்விட்டார், பாவம்.

கூட்டத்தில் எதுவோ ‘டொப்’பென்று விழுந்தது.

கன்டின்யூட்டி வின்னியின் நோட்டுப் புத்தகம். முந்தைய ஷாட்டில் சிகரெட் எவ்வளவு நீளம், கோப்பை எந்தப் பக்கம், எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று முப்பது வருஷமாக எழுதி வரும் அம்மாள். அந்த நோட்டு அவள் கையை விட்டு நழுவி யாரும் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் மோய்ரா கில்பிரைட் வந்தாள். ஸ்காட்லாந்துக்காரி. ஐம்பது வயது. ஈரக் குடையை சார்ஜென்ட் டாட்ஸின் கையில் திணித்தாள்.

“என்னய்யா அழறே?”

“எங்க வீட்டு ஹால்ல இவர் படம்தான் மேடம் மாட்டியிருக்கு. கல்யாண போட்டோவை எடுத்துட்டு மாட்டினா என் பொண்டாட்டி.”

“உன் கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். குத்தைப் பாரு.”

பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

“ரெண்டு ஓட்டை மேடம்...”

“ஆமா. முதல் குத்து எலும்புல பட்டு வழுக்கியிருக்கு. மனுஷன் துடிச்சிருக்கார். மேஜைத் துணியைப் பிடிச்சுக் கிழிச்சிருக்கார், நகத்துல பச்சை நூல் பாரு. ரெண்டாவது குத்துலதான் அடங்கியிருக்கார்.”

இன்ஸ்பெக்டர் கையுறையோடு காலரைப் புரட்டினாள். உள்ளே தைத்திருந்த பெயர்: ரீஸ் மாடக்.

“தம்பி, இங்க வா. கோட்டு உன்னோடதா?”

“ஆமாங்க.” ரீஸின் பன் இன்னும் கையிலேயே இருந்தது. “இவர் ஏன் போட்டாருன்னு தெரியலைங்க. இவர் இன்னிக்கு வர்றதா யாரும் சொல்லலை.”

“தலைமுடியும் அவர் மாதிரியே வெட்டியிருக்கே?”

“அப்படித்தான் வெட்டணும்னாங்க. பின்னாலேர்ந்து பார்த்தா ரசிகர்களுக்கு ஆள் மாறினதே தெரியக் கூடாதாம்.”

“கொன்ன ஆளுக்கும் தெரியலை.”

“என்ன சொல்றீங்க?”

“இது உனக்கு வச்ச குத்துப்பா. தப்பா அவருக்கு இறங்கிடுச்சு. உன்னைத் தேடி மறுபடி வருவாங்க. இன்னிக்கே வரலாம்.”

பன் தரையில் விழுந்தது.

“மேடம்... நான் படத்துலதான் ஏஜென்ட். நிஜத்துல சிலந்தியைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறிடுவேன்!”

இன்ஸ்பெக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிணத்தின் தலைக்கு ஒரு சாண் தள்ளி, கோப்பை நிறைய விஸ்கி. சினிமா விஸ்கி, அதாவது ஆறிப்போன தேநீர். பக்கத்தில் ஐந்து சீட்டுகள், விசிறி போல அழகாக. சாம்பல் கிண்ணத்தில் முழு நீள சிகரெட்.

“டாட்ஸ், ஒரு ஆளோட உசிரு போற நேரத்துல துணியே கிழிஞ்சிருக்கு. சீட்டு மட்டும் கலையாம எப்படி இருக்கும்?”

“தெரியலையே மேடம்.”

“இவர் சட்டையில தேநீர் ஈரம். வாயிலயும் தேநீர் வாசனை. அப்படின்னா கோப்பை காலியா இருக்கணுமா, வேண்டாமா?”

கோப்பையை மெல்லத் தூக்கினாள்.

அடியில் ரத்தம்!

“அம்மாடி!” என்றான் டாட்ஸ்.

“ரத்தம் சிந்தினதுக்கு அப்புறம் கோப்பையை இங்க வச்சிருக்காங்க. நிரப்பி வச்சிருக்காங்க. குத்திட்டு ஓடாம, நின்னு நிதானமா மேஜையைச் சரி பண்ணிட்டுப் போயிருக்காங்க! என்ன ஜென்மம்யா அது?”

திருமதி ஆஸ்ட்லி மூக்கைத் துடைத்தபடி சொன்னார். “ஒவ்வொரு ஷாட் முடிஞ்சதும் நாங்க அப்படித்தாங்க செய்வோம். எல்லாத்தையும் பழைய இடத்துல வைக்கணும். அடுத்த டேக்குக்கு.”

“யாரு வைப்பாங்க?”

“பொருள்களைப் பார்த்துக்கற பெர்ட். ஆனா அவன் எட்டரையிலேர்ந்து பன் வரிசையில நின்னான். நாற்பது சாட்சி. எனக்குப் பின்னாலதான், என் காலை மிதிச்சுக்கிட்டு.”

இன்ஸ்பெக்டரின் கோட்டுப் பையில் ஒரு காகிதம் இருந்தது. லயனலின் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. நமக்கும் இப்போது காட்டமாட்டாள்.

“இந்த மேஜை மாதிரி இன்னொண்ணு இருக்கா?”

“பக்கத்துத் தளத்துல இருக்கு. சினிமாவுல எதையும் ரெண்டா வாங்குவோம். ஒண்ணு உடைஞ்சா மாத்து ஒண்ணு வேணுமே.”

“எதையும்னா?”

“எதையும்தான்.”

“அந்த ஐஸ் ஊசி?”

திருமதி ஆஸ்ட்லிக்கு முகம் வெளுத்தது. “அதுவும்... ரெண்டு. பார் செட்டு அலமாரியில இருந்தது. காலையிலேர்ந்து இன்னொண்ணைக் காணோம்.”

பதினொன்றரை. பக்கத்துத் தளம். இரட்டைப் பிறவியாக இன்னொரு பச்சை மேஜை.

ரீஸ் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் பன்னிரண்டு பேர்: கேமரா, விளக்கு, ஒப்பனை, உடை, கன்டின்யூட்டி. வாசல்களில் கான்ஸ்டபிள்கள். பெர்ட்டை மட்டும் டாட்ஸ் தேநீர் குடிக்க வெளியே அழைத்துப் போயிருந்தான்.

“தம்பி, அந்த சீனை நடி. தேநீரைக் குடி, சிகரெட்டைப் பிடி, சீட்டைக் கலை. நான் ‘கட்’ சொல்ற வரைக்கும்.”

“செத்துட மாட்டேனே?”

“ரெண்டடி தள்ளித்தான் நிக்கறேன்.”

“ரெண்டடி அதிகமா இல்லை?”

“நடிப்பா!”

ரீஸ் நடித்தான். தேநீரைக் குடித்தான். சிகரெட்டைப் பாதி பிடித்து நசுக்கினான். சீட்டுகளை வீசி எறிந்தான். கடைசியில் மேஜை மேல் கவிழ்ந்தான்.

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினாள்.

“கட்!”

யாரும் அசையவில்லை. பதினொரு பேர் மூச்சையடக்கி நின்றார்கள்.

ஒரு கை மட்டும் நீண்டது.

கோப்பையை எடுத்தது. கூஜாவிலிருந்து தேநீரை ஊற்றியது. கோப்பையின் பூவேலை விளிம்பு வரை, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல். சீட்டுகளைப் பொறுக்கி விசிறியாக விரித்தது. புது சிகரெட்டைக் கிண்ணத்தில் சாய்த்தது.

வின்னியின் கை!

அவள் கண்கள் அழுதுகொண்டிருந்தன. கை தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

“காலையிலயும் இப்படித்தான் வச்சீங்களா, வின்னி?” இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள்.

வின்னி தன் கையையே பார்த்தாள். யாருடைய கையோ என்பது போல.

பிறகு அது நோட்டுப் பைக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஊசி!

“எல்லாம் உன்னாலடா! அவர் கோட்டு! அவர் நாற்காலி!”

சரக்! ரீஸின் இடது தோளில் ஊசி இறங்கியது. அவன் கத்திக்கொண்டே நாற்காலியோடு சாய்ந்தான். அவள் அவன் மார்பில் முழங்காலை ஊன்றினாள். ஊசியைப் பிடுங்கினாள். ரத்தம் அவள் மூக்குக் கண்ணாடியில் தெறித்தது. குறி இப்போது அவன் கண்!

“குத்துடா தம்பி! குத்து!” இன்ஸ்பெக்டர் பாய்ந்தபடி கத்தினாள்.

ரீஸ் குத்தினான். பிரமாதமான குத்து! நான்கு மாசப் பயிற்சி!

வின்னியின் தாடைக்கு ஆறு அங்குலம் தள்ளிப் போனது. சினிமாவில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

ஊசி இறங்கியது...

ணங்! இன்ஸ்பெக்டர் வீசிய சாம்பல் கிண்ணம் வின்னியின் மணிக்கட்டில் மோதியது. எலும்பு முறியும் சத்தம் கடைசி சுவர் வரை கேட்டது. அடுத்த நொடி இன்ஸ்பெக்டரின் பிடியில் அவள் முகம் மேஜையின் பச்சைத் துணியில் அழுந்திக்கிடந்தது.

“என்... என் கண்ணு இருக்கா?” ரீஸ் தரையிலிருந்து கேட்டான்.

“ரெண்டும் இருக்கு. எழுந்திருக்காதே.”

வின்னி விம்மினாள். “பதினேழு வருஷம்... அவர் கழுத்துப் பட்டையை நான்தான் சரி பண்ணுவேன். ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டாங்க. இவனை உட்கார வச்சாங்க. என்னால பார்க்க முடியலை. இவன்னு நினைச்சேன்... சத்தியமா இவன்னுதான் நினைச்சேன்...”

“முகத்தைப் பார்க்கவே இல்லையா?”

“கவிழ்ந்து கிடந்த முகத்தை எப்படிங்க பார்ப்பேன்?”

கீழே கிடந்த நோட்டை இன்ஸ்பெக்டர் எடுத்தாள். நேற்று உடை ஒத்திகை பார்த்த பக்கம். வின்னியின் அச்சுப் போன்ற கையெழுத்து.

“‘ரீஸ், வெள்ளைக் கோட்டு, பின்பக்கம். லயனலுக்கும் இவனுக்கும் வித்தியாசம் இல்லை. சரி.’ நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

வின்னி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

இப்போதுதான் இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை எடுத்தாள். படிக்காமலே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். மனசு கேட்கவில்லை. லயனல் அனுப்பாமலே பையில் வைத்திருந்த அந்தக் கடிதம் உரியவளிடம் சேர வேண்டியது.

“‘வின்னி, என்னை யாரும் தூக்கலை. முட்டி வலி தாங்கலை, நானே போறேன்னு சொன்னேன். அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். நல்ல பையன், பார்த்துக்கோ. உங்கிட்ட மட்டும் நேர்ல சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு. எல்லாரும் பன் சாப்பிடப் போற நேரத்துல, அவன் கோட்டைப் போட்டுக்கிட்டு நம்ம மேஜையில உட்கார்ந்திருப்பேன். பின்னாலேர்ந்து பார்த்தே நான்தான்னு நீ கண்டுபிடிச்சிடுவே. உலகத்துலயே உன் ஒருத்தியாலதான் முடியும்.’”

வின்னியின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்கு அழுகை என்று பெயரில்லை. ரீஸ் தோளைப் பொத்தியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாட்ஸ் ஓடி வந்தான். ஒரு துண்டால் அவள் மணிக்கட்டைச் சுற்றினான். முறியாத கையைப் பின்னால் வளைத்துத் தன் கையோடு விலங்கு மாட்டினான்.

வின்னி நின்றாள். விலங்கைப் பார்த்தாள். முப்பது வருஷப் பழக்கம் அவளையும் மீறி வாயைத் திறந்தது.

“தப்பு... போன படத்துல வில்லியைக் கைது பண்றப்போ விலங்கு முன்பக்கம்தான் இருந்தது.”

இன்ஸ்பெக்டர் குடையை விரித்தாள்.

“அது போன படம்மா. இதுல ஹீரோவையே மாத்தியாச்சு... விலங்கை மாத்தக் கூடாதா? நடங்க!”