எச்சில் படாத முடிச்சு

சால்மன் மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும் நாளன்று காலையில், அப்பாவின் மூக்குக்கண்ணாடி மேல் போஸ்கோ உட்கார்ந்துவிட்டது. போஸ்கோ நாற்பது கிலோ எடையுள்ள நாய். கண்ணாடியில் மிச்சம் இருந்தது காதில் மாட்டும் ஒரு கம்பி மட்டும்தான்.

“போச்சு! இனி நான் தூண்டில்ல முடிச்சுப் போட்ட மாதிரிதான்,” என்றார் அப்பா கோர்மக்.

“நான் போடறேன்ப்பா,” என்றாள் பத்து வயது ஊனா.

அப்பா நல்ல தூண்டில்காரர்தான். ஆனாலும் மூன்று வசந்தமாக அவருக்கு ஒரு சால்மன்கூடச் சிக்கவில்லை. “கோர்மக் வந்தா மீனெல்லாம் தைரியமா மேல வந்து வெயில் காயும்,” என்று பக்கத்து வீட்டு ஃபெர்கல் மாமா கேலி செய்வார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு ஊனாவுக்குப் பிடிக்காது.

ஆற்றங்கரையில் ஊனா தூண்டில் பெட்டியைத் திறந்தாள்.

“மீனை ஏமாத்த வெள்ளித் தகடா, செம்புத் தகடா?” என்று அப்பா கேட்டார்.

ஊனா தண்ணீரைப் பார்த்தாள். மேட்டுச் சதுப்பிலிருந்து வரும் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. “செம்பு. இந்தத் தண்ணில வெள்ளி பளிச்சுனு அடிச்சு மீனை மிரட்டிடும்.”

“ஈயக் குண்டு?”

“பெருசு. தண்ணி ஜில்லுனு இருக்கு, மீன் சோம்பேறியா அடியில படுத்திருக்கும். மூக்குக்கிட்டயே கொண்டுபோய்க் காட்டணும்.”

“சபாஷ்!” என்றார் அப்பா.

பிடிக்கிற மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். அதனால் ஒற்றை முள்தான், அதிலும் மீன் வாயைப் பிடித்துக்கொள்ளும் எதிர்முள் இருக்கக் கூடாது. ஊனா குறடால் அந்த எதிர்முள்ளை நசுக்கினாள். பிறகு தூண்டில் நரம்பை ஈயத்தோடும், சுழலும் வளையத்தோடும், கடைசியாகச் செம்புத் தகட்டோடும் சேர்த்து மூன்று முடிச்சுகள் போட்டாள். அப்பா பெருமையோடு ஆற்றில் இறங்கினார்.

அந்த இடத்துக்குப் பாதிரியார் மடு என்று பெயர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரிசையாகத்தான் இறங்க வேண்டும். ஒரு வீச்சு, ஆற்றோடு ஓர் அடி. மறுபடி ஒரு வீச்சு, ஓர் அடி. யாரும் யாரையும் முந்தக் கூடாது. நடுவில் கரையேறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அன்று சீட்டுக் குலுக்கியதில் முதல் இடம் அப்பாவுக்கு. அடுத்து ஃபெர்கல் மாமா. அவருக்குப் பின்னால் கடைசியாக ஊனாவின் வகுப்பாசிரியர் நூலா டீச்சர்.

சால்மன் வந்து தங்குவது கழுதைக்கல் என்ற பாறைக்கு அருகில். அப்பா அதை நோக்கி அடி அடியாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஊனா கரையில் உட்கார்ந்து டாபி மென்றாள். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள்.

கடைசி முடிச்சைப் போட்டபோதும் வாயில் டாபி இருந்ததே!

நரம்பை இறுக்கும் முன் எச்சில் வைத்து நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உரசிச் சூடேறி வலுவிழந்துவிடும். முதல் இரண்டு முடிச்சுக்கும் எச்சில் வைத்தாள். மூன்றாவதை அப்படியே இழுத்துவிட்டாள்.

ஒருவேளை ஒன்றும் ஆகாதோ?

பையில் கிடந்த மிச்ச நரம்பை எடுத்தாள். வேலிக் கம்பியில் உலர்ந்த முடிச்சு ஒன்று போட்டு இழுத்தாள். பட்! அறுந்தது. நனைத்து இன்னொன்று போட்டாள். விரல் சிவக்க இழுத்தும் அசையவில்லை.

இப்போது மீன் கடித்தால் நரம்பு அறுந்துவிடும். பாவம், அந்த மீன் தகட்டையும் முள்ளையும் வாயில் சுமந்துகொண்டே அலையும். சொன்னாலோ, அப்பாவின் முதல் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் கழுதைக்கல்லுக்கும் இடையே மூன்றே அடிதான்.

“அப்பா! வெளிய வாங்க!”

“என்ன, மீன் தெரியுதா?”

“இல்லப்பா. முடிச்சு சரியில்ல!”

“இன்னும் மூணு அடிதான் கண்ணு!”

“எச்சில் வைக்கலப்பா! வாயில டாபி இருந்துச்சு!”

ஆறு முழுக்கக் கேட்டது. ஃபெர்கல் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா கல்லைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நரம்பைச் சுருட்டிக்கொண்டு கரையேறினார்.

தகட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. ஊனா அழுதேவிட்டாள்.

“ஏன் அழற? மூணு வருஷம் கழிச்சு வந்த மீன் முள்ளோட ஓடியிருந்தா, நான் உன்னைவிட சத்தமா அழுதிருப்பேன்,” என்றார் அப்பா.

“வழிவிட்டதுக்கு நன்றிய்யா கோர்மக்!” என்று கத்திக்கொண்டே ஃபெர்கல் மாமா கல்லை நெருங்கினார். கோலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. தன் முடிச்சை ஒரு பார்வை பார்த்தார்.

“விடியக்காலைல, விறைச்ச கையால கட்டினது...” என்று முணுமுணுத்து, யாருக்கும் தெரியாமல் மெல்ல இழுத்துப் பார்த்தார். பட்!

“நான் பாத்துட்டேன் ஃபெர்கல்,” என்றார் நூலா டீச்சர். சிரித்தபடியே தன்னுடையதையும் இழுத்தார். அது சுருண்டு நெளிந்து அவிழ்ந்தது. டீச்சர் தொண்டையைச் செருமினார். “ஊனா, இதை வகுப்புல சொல்லக் கூடாது.”

இருவரும் கரையேறினார்கள். ஊனா மூன்று பேருக்கும் புதிதாக முடிச்சுப் போட்டாள்.

“நல்லா எச்சில் வைம்மா. கஞ்சத்தனம் பண்ணாதே,” என்றார் ஃபெர்கல் மாமா.

“இப்ப யார் முதல்ல?” என்று அப்பா தயங்கினார்.

“மூணு பேருமே கரையேறிட்டோம். முதல்ல ஏறினது நீங்க. அதனால புது வரிசையிலயும் முதல் ஆள் நீங்கதான்,” என்றார் டீச்சர். ஃபெர்கல் மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அப்பா மறுபடி அடி அடியாக இறங்கினார். ஊனாவால் உட்கார முடியவில்லை. கழுதைக்கல்லின் அருகே தகடு விழுந்து மூழ்கியது. நரம்பு நின்றது. கோல் வளைந்தது.

“இருக்கு!” என்று அலறினார் அப்பா.

ரீல் கிர்ரென்று சுழன்றது. மீன் ஆற்றோடு ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது. ஊனா இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அறுந்திடாதே, அறுந்திடாதே, அறுந்திடாதே!

கடைசியில் ஃபெர்கல் மாமாதான் வலையோடு ஓடினார். “அடேயப்பா! கோர்மக், இது மீனா, கன்னுக்குட்டியா?”

ஆழமில்லாத தண்ணீரில் வெள்ளியாக மின்னியது சால்மன். எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். ஊனா மட்டும் குனிந்து முடிச்சைப் பார்த்தாள். போட்டபடியே இருந்தது.

அப்பா முள்ளைத் தொட்டதும் அது வழுக்கி வெளியே வந்தது. “நீயே விடு,” என்றார்.

விரல் மரத்துப்போகும் குளிரில், ஊனா மீனுக்கு மூச்சு திரும்பும்வரை அதை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டாள். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு வாலால் ஓர் அடி அடித்து, அவள் முகமெல்லாம் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு, வாயில் ஒன்றுமே இல்லாமல் ஆற்றை எதிர்த்துப் போயே போய்விட்டது.