கடைசி பெஞ்சில் மூன்று மூக்குகள்

அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குச் 'சளி பெஞ்சு' என்று பெயர். மூக்கு ஒழுகுகிறவர்களை நாகேந்திரன் வாத்தியார் அங்கேதான் உட்கார வைப்பார். 1937-ஆம் வருஷம் தை மாதத்தில் அதில் மூன்று பேர் இருந்தார்கள்: வடிவு, பால்ராஜ், திருவேங்கடம்.

திங்கட்கிழமை காலை வாத்தியார் ஒரு சேதி சொன்னார்.

"சனிக்கிழமை எல்லாரும் ரயிலேறிப் பட்டணம் போறோம். உயிர் காலேஜுல புலி பார்க்கலாம்."

மிருகக்காட்சி சாலையை அப்போது ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பு கூரை அதிரக் கத்தியது.

"சளி பெஞ்சு தவிர" என்றார் வாத்தியார். "ரயில் பெட்டியில நெருக்கி உட்காரணும். ஒருத்தர் சளி எல்லாருக்கும் ஒட்டிக்கும்."

வடிவு புலியைத் தீப்பெட்டிப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

மணி அடித்ததும் பால்ராஜ் சொன்னான். "போனா போவுது வடிவு. நாம பெருமாள் கோயில் பூனையைப் பார்த்துக்கலாம். அதுக்கும் மீசை கீது."

வடிவு சிரிக்கவில்லை. "உனக்கு எத்தினி நாளா மூக்கு ஒழுகுது?"

"ரெண்டு வருசமா."

"உங்க ஊட்ல யாருக்காச்சும் ஒட்டிக்கிச்சா?"

"இல்லியே! தம்பி என் பாயிலதான் தூங்குறான். அவன் மூக்கு வறண்டு கெடக்குது."

"எனக்கும் ஆறு மாசமா தும்மல். என் தங்கச்சிக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் வடிவு. ஒட்டுகிற சளி என்றால் இத்தனை நாளில் ஒட்டியிருக்க வேண்டாமா?

அன்றிலிருந்து அவள் சிலேட்டில் குறிக்க ஆரம்பித்தாள். யாருக்கு, எப்போது, எப்படி வருகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள்.

பால்ராஜ் விடியற்காலைக் குளிரில் ஏரிக்கரை வழியாக நடந்து வருவான். வந்த அரைமணி நேரம் மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும். பிறகு நின்றுவிடும். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளிக்கும் வாசனை வந்தால் மறுபடி கொட்டும். அவனுக்கு அரிப்பே கிடையாது.

வடிவுக்கு மூக்கும் கண்ணும் அரிக்கும். வரிசையாக ஏழெட்டுத் தும்மல் வரும். எப்போது என்று குறித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கரும்பலகை டஸ்டரைத் தட்டிய பிறகுதான்! அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஆறு மாதமாகச் செய்துவந்தாள். புதன்கிழமை அதை முதல் பெஞ்சு ராணியிடம் கொடுத்தாள்.

"நெசமாவா? எனக்கேவா?" என்று ராணி டஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அன்று முழுக்க வடிவு ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

மிச்சம் திருவேங்கடம். அவனுக்கு நாள் முழுக்க மஞ்சளாக, கெட்டியாக ஒழுகியது. கிட்டே போனால் நாற்றம். அதனால் பால்ராஜ்கூட ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவான்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றாள் வடிவு. "இப்ப அந்தப் பக்கம்."

"இன்னாத்துக்கு?" என்றான் திருவேங்கடம், அழுகிற குரலில்.

"உனக்கு இடது பக்கம் மட்டுந்தான் ஒழுகுது. வலது பக்கம் சுத்தமா கீது."

"தீபாவளியிலேர்ந்து அப்பிடித்தான்" என்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வியாழக்கிழமை வடிவு சிலேட்டோடு வாத்தியார் மேஜைக்குப் போனாள். அவர் அப்போதுதான் மூக்குப்பொடி போட்டிருந்தார். மேஜை ஆட மூன்று முறை தும்மினார்.

"சார், உங்களுக்குச் சளியா?"

"சேச்சே! பொடி போட்டேன், தும்மல் வருது."

"போடாட்டி?"

"வராது."

"எனக்கும் அப்பிடித்தான் சார். சாக்பீஸ் தூள் பட்டா வருது. படாட்டி வரல. நேத்திலேர்ந்து ஒண்ணுகூட இல்ல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் பொடி டப்பாவை மெல்ல மூடினார். சிலேட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"பால்ராஜுக்குக் குளுரு. உனக்குத் தூளு. எனக்குப் பொடி. மூணும் ஒட்டாதுங்கிறே?"

"ஒட்டாது சார். ஆனா திருவேங்கடம் மூக்கு நம்ம யாரு மூக்கு மாதிரியும் இல்ல. ஒரே பக்கம் ஒழுகுது. அவனை டாக்டர்கிட்ட காட்டணும் சார்."

"நீ வர்றதுக்குத்தானே கேட்க வந்தே? அவனை எதுக்கு இழுக்கிறே?"

"அவன் வலிக்குதுன்னு சொல்லமாட்டான் சார். பயந்துகினு கீறான்."

வெள்ளிக்கிழமை வாத்தியாரே திருவேங்கடத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் இடது மூக்கைப் பார்த்தார். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு இழுத்தார். தட்டில் டொக்கென்று ஒன்று விழுந்தது. சிவப்பும் கறுப்புமாக ஒரு குன்றிமணி!

"இது எப்படிடா உள்ளே போச்சு?" என்றார் வாத்தியார்.

"தீபாவளிக்கு மூக்குத்தி மாதிரி வெச்சிக் காட்டினேன் சார்... உள்ளாற பூட்ச்சி. சொன்னா நைனா அடிப்பாரு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கை கழுவினார். "ரெண்டு நாள்ல காஞ்சிடும். யாருக்கும் ஒட்டாது" என்றார்.

சனிக்கிழமை காலை அம்பத்தூர் ஸ்டேஷனில் ஐந்தாம் வகுப்பு முழுசும் ரயிலேறியது. பால்ராஜ் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, காற்றுப் படாத மூலையில் உட்கார்ந்தான். திருவேங்கடத்தைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். வடிவு எதிரில் இருந்ததால், சென்ட்ரல் போய்ச் சேரும்வரை வாத்தியார் பொடி டப்பாவைத் திறக்கவில்லை.

புலிக் கூண்டின் அருகே போனதும் ஒரே நாற்றம். ராணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பால்ராஜ் துண்டை மூக்குவரை இறக்கினான். வாத்தியாரும் நான்கு அடி பின்வாங்கினார்.

திருவேங்கடம் மட்டும் கம்பியோரம் போய் நின்றான்.

"இதெல்லாம் ஒரு நாத்தமா? மூணு மாசமா என் மூக்குக்குள்ளாற இருந்ததுக்கு இது ஒண்ணுமே இல்ல. வடிவு, இங்க வா! நல்லாத் தெரியுது!"

வடிவு மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். புலி வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. தீப்பெட்டிப் புலியைவிட அது எவ்வளவோ பெரியது.