இன்னொரு கிரென்ஷா

ஓபலூசாஸ் ஊரில் அமெரிக்க ஃபுட்பால் பார்க்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் துப்பறியும் தொழில் செய்த எமில் கிட்ரி. அவரிடம் வேலை பார்த்த லோரெட்டாவுக்கோ அந்த ஆட்டம்தான் உயிர். பேரப்பிள்ளைகள் எடுத்த வயதிலும், சனிக்கிழமை நடுவரைத் திட்டித் தீர்த்துவிட்டுத் திங்கட்கிழமை தொண்டை கட்டித்தான் அலுவலகத்துக்கு வருவாள். இப்படி இரண்டு பேரும் ஒரே அறையில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று கீழே டயர் கடை வைத்திருப்பவர் அடிக்கடி ஆச்சரியப்படுவார்.

அந்த ஏப்ரல் காலையில் டேவியன் பெல்லார்ட் படியேறி வந்து நின்றதும் லோரெட்டாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாநிலம் முழுக்கத் தெரிந்த முகம். கல்லூரி அணியின் ரன்னிங் பேக். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதிராளிகளின் கூட்டத்தில் சந்து கண்டுபிடித்து நுழைகிறவன். அடுத்த வாரம் டிராஃப்ட். பெரிய கிளப்புகள் வரிசையாக உட்கார்ந்து கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் நாள்.

"நீ ருஃபஸ் பெல்லார்ட் மகன்தானே தம்பி? உங்கப்பா முன்னாடி ஓடி முட்டி வழி திறந்து விடுற அழகே தனி! பின்னாடி வர்றவனுக்குப் பேரு, உங்கப்பாவுக்கு அடி!"

"ஆமாம்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று டேவியன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"அவரை முதல்ல உட்கார விடு, லோரெட்டா," என்றார் எமில்.

உட்கார்ந்ததும் அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான். "சார், என் பேரை யாரோ கெடுக்குறாங்க. போன மாசம் வரைக்கும் ரெண்டாவது சுத்துலயே என்னை எடுத்துக்கறோம்னாங்க. இப்ப ஒருத்தரும் போன் எடுக்கறதில்லை. என் ஏஜென்ட் விசாரிச்சா எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்களாம். 'பெல்லார்டா? இன்னொரு ஹோலிஸ் கிரென்ஷா. விழுந்தா தரையைத் தேடுவான்.' எனக்கு இந்த ஓட்டத்தை விட்டா வேற ஒண்ணும் தெரியாது சார். யார் சொன்னதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

லோரெட்டா காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுல என்ன இருக்கு?" என்று எமில் கேட்டார்.

"பிறந்த குழந்தையைப் பார்த்து மூக்கு யார் மாதிரி, முழி யார் மாதிரின்னு சொல்லுவோமே, இங்கேயும் அதே கதைதான் சார். ஒவ்வொரு பையனையும் ஏதாவது ஒரு பழைய ஆட்டக்காரர் மாதிரின்னு சொல்லணும். உயரம், எடை, ஓடுற தினுசு எல்லாம் பார்த்துச் சொல்லுவாங்க. நல்ல பேரோட சேத்துச் சொன்னா பையன் பிழைச்சான்."

"கிரென்ஷா கெட்ட பேரா?"

"மூணு வருஷம் ராஜா மாதிரி இருந்தான். அப்புறம் பந்தை நழுவ விட்டான், பயிற்சிக்கு வர மறந்தான், கடைசியில சொந்த வீட்டுக்கு வழி மறந்தான். சின்ன வயசுலயே கார்ல செத்துக் கிடந்தான், பாவம்." அவள் குரல் இறங்கி, மறுபடி ஏறியது. "ஆனா சொன்னவனுக்கு ஃபுட்பால்ல ஒரு மண்ணும் தெரியாது சார்! கிரென்ஷா நெட்டை. நிமிர்ந்து, ஓரமா வளைஞ்சு ஓடுவான். இந்தத் தம்பி குட்டை. குனிஞ்சு நடுவுல பாயுறவன். ரெண்டு பேருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

"ஓட்டத்துல ஒத்துமையே இல்லையா?"

"துளிகூடக் கிடையாது."

"அப்ப, சொன்னவர் ஓட்டத்தைப் பார்க்கலை," என்றார் எமில்.

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று லோரெட்டா நினைத்தாள். விடைபெறும்போது டேவியன் இடது கையால் மேசை விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எழுந்தான். கை தட்டிவிடுமே என்று அவள் காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். எமில் கோப்பையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

லோரெட்டா களத்தில் இறங்கினாள். இன்னொரு கல்லூரியின் ரன்னிங் பேக்குக்கு ஏஜென்டாக இருந்த மார்வின் கோல் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். டேவியன் பின்னால் போனால் கோலின் பையன் முன்னால் வருவான். போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தாள்.

"கிரென்ஷாவா? அந்தக் காலத்து ஆளாச்சேம்மா?" என்று கோல் கேட்டான். "அவர் ஆடினப்ப நான் அரைக்கால் சட்டை போட்டுட்டிருந்தேன். பேரைக் கெடுக்கணும்னா எனக்குத் தெரிஞ்ச ஆளைச் சொல்ல மாட்டேனா?"

அடுத்து டேவியனின் கல்லூரிப் பயிற்சியாளர். அவர் வருத்தப்பட்டார், சத்தியம் செய்தார், கிரென்ஷாவை டிவியில் பார்த்ததோடு சரி என்றார்.

"டிவியிலன்னா, ஓடினவன் விழுந்தப்புறம் என்ன காட்டுவாங்க?" என்று எமில் லோரெட்டாவைக் கேட்டார்.

"கோச் மூஞ்சி. அப்புறம் அதே ஓட்டத்தை மெதுவா. அப்புறம் பீர் விளம்பரம்."

"விழுந்தவன் எழுந்திரிக்கிறதை?"

"அதை யார் சார் பார்ப்பா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். ஒருத்தன் இன்னொருத்தன் மாதிரின்னு சொல்லணும்னா ரெண்டு பேரையும் பார்த்திருக்கணும். கிரென்ஷா விழுந்து எழுந்ததையும் பார்த்த ஆள், டேவியன் விழுந்து எழுந்ததையும் பார்த்த ஆள். அப்படி ஒருத்தர்தான் இதைச் சொல்ல முடியும்."

மறுநாள் இருவரும் டேவியனின் வீட்டுக்குப் போனார்கள். அவன் அம்மா ஓபல் வாசலிலேயே வரவேற்றாள். அடுப்பில் கம்போ குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது; சாப்பிடாமல் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். கூடத்தில் ருஃபஸ் பெல்லார்ட் டை கட்டி, தலை வாரி, நாற்காலியில் அமர்ந்திருந்தார். லோரெட்டா அவரையே பார்த்து நின்றாள். எத்தனை சனிக்கிழமைகள் அந்த மனிதருக்காகக் கத்தியிருக்கிறாள்! அவர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

"சளி பிடிச்சிருக்கு அவருக்கு. அதான் பேச மாட்டார்," என்று ஓபல் அவசரமாகச் சொன்னாள்.

டிவியில் டேவியனின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கிளப்காரர்கள் எடுத்த படம் அல்ல. ஓபல் பார்வையாளர் வரிசையிலிருந்து தன் போனில் எடுத்தது. படம் ஆடியது, பக்கத்திலிருந்தவர்களின் தலை மறைத்தது. பையன் விழுந்த பிறகும் அது நிற்காமல் ஓடியது.

"விழுந்ததோட நிறுத்த மாட்டீங்களா?" என்றார் எமில்.

"அவன் எழுந்திரிச்சதைப் பார்த்தாத்தான் எனக்கு மூச்சே வரும். அதுவரைக்கும் கையை எடுக்க மாட்டேன்."

"இதை வெளியாள் யாராவது பார்த்தாங்களா?"

"வேட் ஸ்டோன்னு ஒருத்தர், கிளப்புக்கு ஆள் பார்க்கிறவர், போன மாசம் வந்தார். நல்ல மனுஷன். நான் சமையல்ல இருந்தேன், இவரோடதான் உட்கார்ந்து பார்த்துட்டிருந்தார்."

சோபா பள்ளமாக இருந்தது. எமில் எழப்போனபோது ருஃபஸ் சட்டென்று எழுந்து வந்து கையை நீட்டினார். பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினார். லோரெட்டாவுக்கும் அப்படியே செய்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருந்தது: சேற்றில் கிடக்கும் ஒரு நெட்டை ஆட்டக்காரனை இளம் ருஃபஸ் கை கொடுத்துத் தூக்குகிறார். லோரெட்டா ருஃபஸின் முகத்தை மட்டும் ஆசையோடு பார்த்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் எமில் எல்லோரையும் அதே கூடத்துக்கு வரச் சொன்னார். வேட் ஸ்டோனும் வந்தார். ஊர் ஊராகச் சுற்றியே வயதான, களைத்த மனிதர். டேவியன் கைகளைக் கட்டிக்கொண்டு மோடாவில் உட்கார்ந்தான். ருஃபஸ் தன் நாற்காலியில் டிவியைப் பார்த்திருந்தார்.

"மிஸ்டர் ஸ்டோன், நீங்க சொன்ன வார்த்தைதானே அது?" என்று எமில் கேட்டார்.

டேவியன் துள்ளி எழுந்தான். ஸ்டோன் கையை உயர்த்தினார்.

"சொன்னேன். ஆனா என் சொந்த வார்த்தை இல்லை. எங்க தொழில்ல யார் வீட்டுக்குப் போனாலும் கேக்குறதுதான். இவங்கப்பாகிட்ட, 'உங்க மகன் யார் மாதிரி சார்?'னு கேட்டேன். படத்தைப் பார்த்துட்டே, 'ஹோலிஸ். தரையைத் தேடுறான்'னார். கிரென்ஷாவுக்கு முன்னாடி வருஷக்கணக்கா முட்டின மனுஷன் சொல்றாரே, இவரை விட யாருக்குத் தெரியும்? சாப்பிடுற இடத்துல என்னை மாதிரி ஆள் பார்க்கிற இன்னொரு ஸ்கவுட்கிட்ட சொன்னேன். அது ஊர் சுத்தும்னு நினைக்கலை."

லோரெட்டா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சேற்றில் கிடந்தவனின் சட்டை எண்ணை இப்போதுதான் படித்தாள். கிரென்ஷாவின் எண். ருஃபஸ் யாருக்காக முட்டினார் என்று தெரிந்திருந்தும் ஒட்டிப் பார்க்காமல் கண்ணை எங்கே வைத்திருந்தேன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"எங்கப்பாவா?" டேவியனின் குரல் உடைந்தது. "சார், அவருக்குச் சளி இல்லை. புத்தி போய் ரெண்டு வருஷமாச்சு! கிளப்காரங்க தெரிஞ்சா தப்பா நினைப்பாங்கன்னு டை கட்டி உட்கார வெச்சோம். என் பேர்கூட அவருக்குத் தெரியாது. அந்தப் பேச்சை நம்பி என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்களே!"

ஸ்டோன் வெளிறிப்போனார். "எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது. எல்லாருக்கும் நானே போன் பண்றேன். அது நோயாளி பேச்சு, தப்புன்னு சொல்லிடறேன். ரெண்டாவது சுத்து இல்லைன்னாலும் மூணாவதுல எடுத்துருவாங்க."

"சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க!"

எமில் ரிமோட்டை எடுத்தார். "ஒரு நிமிஷம். விழுந்தவனை அவ்வளவு கிட்டத்துல பார்க்கிறது யாரு? முன்னாடி ஓடி வழி திறந்து விட்டு, திரும்பி வந்து கை குடுத்துத் தூக்குறவர். கிரென்ஷாவைத் தூக்கினவர் இவர். உங்களை இவர் தூக்கலை, ஆனா உங்கம்மா படத்துல தினமும் பார்க்கிறார். அதனாலதான் எல்லாரும் ஓட்டத்தைப் பார்த்தப்ப இவர் வேற ஒண்ணைப் பார்த்தார். இதைப் பாருங்க."

படத்தில் டேவியன் இடிபட்டு விழுந்தான். விசில் ஒலித்தது. கூட்டம் கத்தியது. அவனுடைய இடது கை மட்டும் புல்லைத் தடவியது. தொலைந்த சாவியைத் தேடுவதுபோலத் தடவி, நின்று, மறுபடி தடவியது. அப்புறம்தான் அவன் எழுந்தான்.

"போன மாசம் இதே கூடத்துல உங்கப்பா குழம்பினது பேர்லதான்," என்றார் எமில். "உங்களுக்கு என்ன ஆச்சுங்கிறதுல அவர் குழம்பலை. தலையில அடி வாங்கி வாங்கி கிரென்ஷாவுக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகுது. அன்னைக்கு என் மேசையையும் நீங்க அப்படித்தான் தடவிட்டு எழுந்தீங்க."

எமிலுக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தாங்கள் ஜெயித்த வழக்கு ஒன்றில் லோரெட்டா அழுதது அன்றுதான் முதல் தடவை.

"டேவி, நிஜமாடா?" என்று ஓபல் மெதுவாகக் கேட்டாள்.

அவன் மறுபடி மோடாவில் உட்கார்ந்து தலை குனிந்தான். "அக்டோபர்லேருந்தும்மா. பலமா இடி வாங்கினா தரை சாயுது. எந்தப் பக்கம் கீழேன்னு தெரியறதில்லை. சொன்னா ஆட விடாம உட்கார வெச்சுருவாங்கன்னு சொல்லலை."

"நானும்தானே எடுத்துட்டே இருந்தேன்," என்றாள் ஓபல். "நீ எழுந்திரிச்சதை மட்டும்தானே பார்த்தேன். பாவி நான், அதைப் பார்க்கலையே."

ஸ்டோன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். "தம்பி, நான் என்ன செய்யட்டும்? நீ சொல்றபடி செய்றேன்."

டேவியன் பதில் சொல்ல எழப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லையோ, மனம்தான் ஒத்துழைக்கவில்லையோ, மோடாவிலிருந்து சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். உலகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அந்த ஓட்டம். அதை அந்தக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவனே கைவிட வேண்டியிருந்தது.

ருஃபஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். வழக்கம்போல மகனுக்கு நேராகக் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கப்போகிறார் என்று லோரெட்டா நினைத்தாள். நீட்டிய கை நடுவில் நின்றது. அவர் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஹோலிஸ்," என்றார். அந்தக் குரலை லோரெட்டா அதுவரை கேட்டதில்லை. "நான்தான்டா தூக்கி விட்டேன். ஒவ்வொரு தடவையும். நீ தரையைத் தேடுறேன்னு தெரியும், தெரிஞ்சும் தூக்கி விட்டு, போடான்னு முதுகுல தட்டினேன்."

கையை மடக்கிக்கொண்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி, மகனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எழுந்திரிக்காதே. இப்படியே கிட. நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

டேவியன் நிமிர்ந்து ஸ்டோனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான். ஸ்டோன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். ஓபல் அடுப்பை அணைக்கப் போனவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

டேவியன் அப்பாவின் தோளில் சாய்ந்தான்.

"சரி ருஃபஸ்," என்றான். "எழுந்திரிக்கலை."